பதினோராவது வாரத்துக்கு முன்னால்

செமஸ்டர் முடியப் பத்து நாள் இருக்கையில் கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒரு பட்டியல் ஏறும். ஷார்ட்டேஜ் லிஸ்ட் என்போம். பதிவெண், பெயர், வருகைச் சதவீதம் என்று மூன்று கட்டம். ஒட்டிய மறுநாள் காலையிலிருந்தே துறை வாசலில் அம்மாக்களும் அப்பாக்களும் வந்து நிற்க ஆரம்பிப்பார்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்தவர்கள். "பரீட்சை மட்டும் எழுத விடுங்க மேடம், இனிமே ஒழுங்கா அனுப்பிவிடறோம்" என்பார்கள். அந்தத் தேதியில் யாராலும் எதுவும் செய்ய முடியாது. கணக்கு முடிந்திருக்கும்.

சின்ன ஊர் ஒன்றில் அரசு கலைக் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் அவரவர் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அவர்களைத் தேர்வறைக்கு வெளியே நிறுத்துவது விதியின் கடுமை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விதி அவர்கள் காதில் விழுகிற நேரம்தான் அவர்களைக் கவிழ்க்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் செமஸ்டருக்குச் சுமார் 90 வேலைநாள். 75 சதவீதம் வந்திருந்தால் தடையில்லாமல் தேர்வெழுதலாம். 65-க்கும் 75-க்கும் நடுவில் என்றால் உரிய காரணத்தைக் காட்டி, கான்டொனேஷன் என்கிற மன்னிப்புக் கட்டணம் கட்டி எழுதலாம். 50-க்கும் 65-க்கும் நடுவில் மாட்டினால் இந்த முறை எழுத முடியாது, அடுத்த செமஸ்டரில்தான். 50-க்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சின்ன வித்தியாசங்கள் உண்டு. பொறியியல் பக்கம் 65-க்குக் கீழே மன்னிப்பே இல்லை. சாரம் எல்லா இடத்திலும் இதுதான்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 நாளில் 22 நாள் வரை விடலாம். வாரத்துக்கு ஐந்து நாள் வகுப்பு, 18 வாரம். வாரம் ஒருநாள் விடுகிறவன் 18 நாளோடு தப்பித்துவிடுவான். வாரம் இரண்டு நாள் விடுகிறவனின் கதைதான் வேறு. ஐந்தாவது வாரக் கடைசியில் அவன் கணக்கில் பத்து நாள் போயிருக்கும். அன்றைக்கு நிறுத்தி, இனி தினமும் வா என்றால் கடைசியில் 89 சதவீதத்தோடு முடிப்பான். ஒன்பதாவது வாரத்தில் சொன்னாலும் 80. பதினோராவது வாரக் கடைசியில் 22 நாள் போயிருக்கும். அதற்குப் பிறகு ஒருநாள்கூட விடாமல் வந்தால் 75-ஐ மயிரிழையில் தொடுவான். பன்னிரண்டாவது வாரம் தாண்டிவிட்டால் தலைகீழாக நின்றாலும் வராது. நாங்கள் பட்டியல் ஒட்டுவதோ பதினாறாவது வாரத்தில்.

இந்தக் கணக்கைப் போட பெரிய மென்பொருள் வேண்டாம். வருகைப் பதிவேடு எங்கள் மேஜையில்தான் கிடக்கிறது. தினமும் கையெழுத்துப் போடுகிறோம், மாதக் கடைசியில் கூட்டி எழுதுகிறோம். அந்தக் கூட்டுத்தொகை அலுவலகத்துக்குப் போகிறது, துறைத் தலைவரிடம் போகிறது. மாணவனிடம்தான் போவதில்லை.

போன வருஷம் என் வகுப்பில் ஒரு பையன். ஆவணி முகூர்த்தம் ஆரம்பித்ததும் கேட்டரிங் வேலைக்குப் போக ஆரம்பித்தான். அவன் பையில் அக்கவுண்ட்ஸ் நோட்டுக்குப் பக்கத்தில் மடித்துவைத்த வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேன்ட்டும் எப்போதும் இருக்கும். மண்டபத்தில் ராத்திரிப் பந்தி முடிந்து, பாத்திரம் ஏற்றிவிட்டு வீடு போய்ச் சேர ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடும். மறுநாள் கல்லூரிக்கு வருவான், ஆனால் பதினொரு மணிக்கு. ஐந்தாவது வாரத்தில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எத்தனை நாள் லீவு போட்டிருக்கேன்னு தெரியுமா தம்பி?"

"ஒரு நாலஞ்சு இருக்கும் மேடம்."

பதிவேட்டை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். முழு நாள் ஐந்து, அரை நாள் பன்னிரண்டு. மொத்தம் பதினொரு நாள். அரை நாள் என்று ஒன்று கணக்கில் ஏறுகிறது என்பதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. பதினொரு மணிக்காவது வந்துவிட்டோமே, வந்த நாள்தானே என்று இருந்திருக்கிறான். விரலை வைத்து வரிசை வரிசையாக எண்ணிப் பார்த்தான். அப்புறம் கேட்டான்: "அப்ப இன்னும் எத்தனை மேடம் பாக்கி?"

இன்னும் பதினொன்று. அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டான். வேலையை அவன் விடவில்லை, விடவும் முடியாது. தங்கை படிக்கிற செலவு அதில்தான் ஓடுகிறது. ஆனால் எந்த முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை விழுகிறது, எந்த மண்டபம் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து ஒப்புக்கொள்ள ஆரம்பித்தான். மேஸ்திரியிடம் பேசி வார நாள்களில் ராத்திரிப் பந்தியைக் குறைத்துக்கொண்டான். தேர்வு எழுதினான். அவனுக்கு யாரும் எந்தச் சலுகையும் கொடுக்கவில்லை. கணக்கை மட்டும் காட்டினோம்.

முதல் வாரத்திலேயே விதிகளைச் சொல்லிவிடுகிறோமே என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். உண்மைதான். புதிய மாணவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சிக்கு யு.ஜி.சி. 2019-ல் தீக்ஷாரம்ப் என்ற பெயரில் வழிகாட்டுதலே வெளியிட்டது. எல்லாக் கல்லூரியிலும் ஏதோ ஒரு வடிவில் நடக்கிறது. குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர், நூலகம் இருக்கும் திசை, ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி. நடுவில் பத்து நிமிஷம் வருகைப்பதிவு, இன்டர்னல், அரியர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசித்துவிடுவோம். அன்றைக்கு அந்தப் பிள்ளைகளின் மனசில் இருப்பது கடைசி பஸ் எத்தனை மணிக்கு, யார் பக்கத்தில் உட்காருவது என்பதுதான். கையில் கொடுக்கிற விதிப் புத்தகம் முழுக்க ஆங்கிலம். அரியர் என்றால் என்ன என்பது அரியர் விழுந்த பிறகுதான் பலருக்குப் புரிகிறது.

வருகையைப் போலவே இன்டர்னலும். கலைக் கல்லூரிகளில் இன்டர்னலுக்கு 25, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75. அந்த 25-ல் டெஸ்ட், அசைன்மென்ட், செமினார் இவற்றோடு பல இடங்களில் வருகைக்கும் மார்க் உண்டு. வருகை குறைந்தால் தேர்வறையும் போகும், மார்க்கும் போகும். தேர்ச்சிக்கு மொத்தம் 40 வேண்டும். இன்டர்னலில் ஐந்து மார்க்கோடு நிற்கிறவள் தேர்வில் 35 எடுத்தாக வேண்டும். இது முதல் இன்டர்னல் முடிந்த வாரத்திலேயே தெரிந்துவிடுகிற விஷயம். ஆனால் பல துறைகளில் விடைத்தாளைத் திருத்தி, மார்க்கை மட்டும் ஏட்டில் ஏற்றிவிட்டு, தாளை அலமாரியில் கட்டிவைத்துவிடுகிறார்கள். ஆய்வுக்குழு வந்தால் காட்ட வேண்டுமே என்று.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தமிழ்வழியில் பிளஸ் டூ படித்துவிட்டு ஆங்கிலவழி பி.காம். வந்த பெண் ஒருத்தி. இறுதிக் கணக்குகள் பற்றிய கேள்வி. இருப்பாய்வில் இருந்த அத்தனை தொகையையும் சரியான இடத்தில் சரியாகப் போட்டிருந்தாள். கீழே வாக்கியங்களாகக் கொடுத்திருந்த சரிக்கட்டல்கள் ஐந்தையும் தொடவே இல்லை. இறுதிச் சரக்கிருப்பு, கொடுபட வேண்டிய சம்பளம், தேய்மானம் எல்லாம் அதில்தான். பிளஸ் டூவில் இதே கணக்கை முழுசாகப் போட்டு நல்ல மார்க் எடுத்தவள். எண்கள் இருக்கிற இடத்தில் அவளுக்குத் தடுமாற்றமே இல்லை, ஆங்கில வாக்கியம் வந்த இடத்தில் நின்றுவிட்டாள். மார்க் ஏட்டைப் பார்த்தால் "8" என்று மட்டும் இருக்கும், கணக்கு வராத பெண் என்று முடிவுகட்டிவிடலாம். தாளைப் பார்த்தால் அவளுக்குத் தேவை அக்கவுண்ட்ஸ் டியூஷன் இல்லை, சரிக்கட்டல்களில் வழக்கமாக வருகிற நாற்பது ஐம்பது ஆங்கிலத் தொடர்கள் என்று தெரியும். நான்கு மதியவேளைகளில் அதை முடித்துவிடலாம். ஆங்கிலவழி வகுப்பில் இருந்தாலும் உள்ளூர் மொழியில் தேர்வெழுத அனுமதியுங்கள் என்று யு.ஜி.சி. 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. அப்படிக் கேட்கலாம் என்பதும் இந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

தமிழ்நாடு கல்லூரிப் பிள்ளைகளுக்குச் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நிறையவே செய்திருக்கிறது. 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கைப்படி இங்கே உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது, ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். அந்த ஆயிரம் ரூபாயை வைத்து ஹாஸ்டல் மெஸ் பாக்கி கட்டியவர்களைத் தெரியும், கல்யாணப் பேச்சை இன்னொரு வருஷம் தள்ளிவைத்தவர்களையும் தெரியும். "என் பணத்துல படிக்கிறேன்" என்று வீட்டில் சொல்ல முடிகிற பெண்ணின் குரலே வேறு.

பஸ்ஸும் பணமும் வந்துவிட்டன. வழிகாட்ட ஆள் இன்னும் வரவில்லை.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், இதே பிரச்சினையை நியூயார்க் நகரில் ஒரு பல்கலைக்கழகம் கையாண்ட விதம் பற்றிப் படித்ததிலிருந்து அதுதான் மனசில் ஓடுகிறது. சிட்டி யுனிவர்சிட்டி ஆஃப் நியூயார்க், சுருக்கமாகக் க்யூனி. அதன் இரண்டாண்டுக் கல்லூரிகளில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் அதிகம். 2007-ல் ஏ.எஸ்.ஏ.பி. என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். கட்டணத்தில் உதவித்தொகை போக மீதியை அவர்களே கட்டுவார்கள், பாடப்புத்தகம் தருவார்கள், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பயணக் கார்டு தருவார்கள். பதிலுக்கு மாணவர் முழுநேரமாகப் படிக்க வேண்டும், வழிகாட்டியை அடிக்கடி நேரில் பார்க்க வேண்டும். அப்படிப் பங்கெடுத்தால்தான் கார்டு. எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்தது. திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் பட்டயம் முடித்தார்கள், இல்லாதவர்களில் 22 சதவீதம். எல்லோரும் அடிப்படை ஆங்கிலத்திலோ கணக்கிலோ பின்தங்கி, கூடுதல் வகுப்பு தேவைப்பட்டவர்கள். ஒரு மாணவருக்கு ஆகும் செலவு கூடியது, ஆனால் முடித்து வெளியே வந்த ஒவ்வொருவருக்கும் ஆன செலவு என்று கணக்குப் போட்டால் குறைந்துதான் இருந்தது. பின்னால் ஒஹாயோ மாநிலத்திலும் செய்து பார்த்தார்கள், அங்கும் பலன் கிடைத்தது.

அதில் என்னை நிறுத்திய எண் இன்னொன்று. அங்கே சாதாரணமாக ஒரு வழிகாட்டிக்கு 600-லிருந்து 1500 மாணவர்கள் வரை. இந்தத் திட்டத்தில் 60-லிருந்து 80. நம் கல்லூரியில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் டியூட்டராக இருப்பார், அவர் பொறுப்பில் இருக்கிற மாணவர்கள் வார்டு. ஒரு டியூட்டருக்கு எத்தனை வார்டு? ஒரு வகுப்பு, சுமார் 60. எண்ணிக்கையில் நாம் அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் ஏற்கெனவே நிற்கிறோம்! ஆனால் அங்கே அந்த வழிகாட்டிக்கு அதுதான் வேலை. இங்கே டியூட்டருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு, பேப்பர் திருத்தம், என்.எஸ்.எஸ்., நாக் தரமதிப்பீட்டு வேலை, ஸ்காலர்ஷிப் சரிபார்ப்பு எல்லாம் போக மிச்ச நேரத்தில் வார்டு. பல துறைகள் கௌரவ விரிவுரையாளர்களை நம்பித்தான் ஓடுகின்றன. அவர்கள் அடுத்த வருஷம் இருப்பார்களா என்பதே நிச்சயமில்லை. வார்டு நோட்டு என்று ஒன்று உண்டு. மாணவர் சந்திப்புத் தேதி, பேசிய விஷயம், கையெழுத்து. அது எப்போது நிரம்பும் என்பது கல்லூரியில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்: ஆய்வுக்கு முந்தின வாரம், ஒரே பேனாவில்.

ஆயிரம் ரூபாயை வழிகாட்டியைப் பார்த்தால்தான் தருவேன் என்று இங்கே நிபந்தனை போடச் சொல்லவில்லை. அது நேராக வங்கிக் கணக்குக்குப் போவதுதான் அந்தப் பெண்ணுக்கு மரியாதை. நான் கேட்பது மற்ற பாதியை, நேரில் பார்த்துப் பேசுகிற வழிகாட்டியை.

நேரில் உட்கார்ந்து பேசினால் விதியில் இடமே இல்லாத காரணங்கள் வெளியே வரும். கான்டொனேஷன் விண்ணப்பத்தில் பெரும்பாலும் எதிர்பார்க்கப்படுவது மருத்துவச் சான்றிதழ். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், தம்பிக்குச் சோறு பொங்க ஆள் இல்லை என்பதற்குச் சான்றிதழ் எங்கே வாங்குவது? ஒரு கிராமத்துப் பிள்ளைகள் ஆறு பேர் தினமும் முதல் மணியைத் தவறவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு பேரையும் தனித்தனியாகத் திட்டிக்கொண்டிருந்தோம். ஒருத்தி சொன்ன பிறகுதான் தெரிந்தது, அந்த ஊருக்கு இருக்கிற ஒரே டவுன் பஸ் நேரம் மாறியிருக்கிறது. கல்லூரி முதல்வர் பணிமனைக்கு ஒரு கடிதம் எழுதினார், பஸ் பழைய நேரத்துக்கு வந்தது, ஆறு பேரும் முதல் மணிக்கு வந்தார்கள்.

விதியை வளைக்க மனமிருந்தால் இடமும் இருக்கிறது. கேரளத்தில் 2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாதவிடாயைக் கணக்கில் எடுத்து மாணவிகளுக்கு இரண்டு சதவீதம் கூடுதல் தளர்வு கொடுத்தது. அதே மாதம் மாநிலத்தின் மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் விரிந்து, மாணவிகளுக்கு 73 சதவீதம் போதும் என்றானது. டெல்லியில் 2016-ல் வருகை போதாமல் தேர்வெழுத அனுமதிக்கப்படாத சட்ட மாணவர் ஒருவர் உயிரை விட்டார். அதையொட்டி எழுந்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில், வருகைக் குறைவுக்காகச் சட்ட மாணவர் யாரையும் தேர்வெழுத விடாமல் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது கல்லூரிகளுக்கு இட்ட கட்டளை: வாரம் ஒருமுறை வருகையை மாணவருக்குத் தெரிவி, குறைந்தால் மாதம் ஒருமுறை வீட்டுக்குச் சொல், ஈடுகட்டக் கூடுதல் வகுப்பு வை. வாரம் ஒருமுறை! ஒரு பிள்ளையின் உயிர் போன பிறகு நீதிமன்றம் சொல்லித்தான் இது நமக்குத் தெரிய வேண்டுமா என்று அதைப் படித்த அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

இப்படிச் சொன்னால் "செல்லம் கொடுத்துக் கெடுக்கிறீர்கள்" என்கிறவர்கள் உண்டு. 2020 கொரோனா காலத்தில் கட்டணம் கட்டியிருந்தால் போதும், அரியர் எல்லாம் பாஸ் என்று அரசு அறிவித்ததையும், சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் தேர்வு நடத்தச் சொன்னதையும் நினைவுபடுத்துவார்கள். அந்த விஷயத்தில் நானும் நீதிமன்றத்தின் பக்கம்தான். எழுதாத தேர்வில் தேர்ச்சி கொடுப்பது உதவி ஆகாது. வேலைக்கு நேர்காணலில் உட்காரும்போது அந்தத் தேர்ச்சி மாணவனைக் கைவிட்டுவிடும். வகுப்புக்கு வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைக்கு வகுப்பறையை விட்டால் வேறு இடம் கிடையாது. அதனால்தான், அவன் வெளியே விழப்போகிறான் என்று தெரிந்த வாரத்திலேயே கையைப் பிடிக்கச் சொல்கிறேன்.

எங்கள் துறையில் இப்போது ஒரு பக்கத் தாள் ஒன்று கொடுக்கிறோம். தமிழில். 22 கட்டம் வரைந்திருக்கும். ஒருநாள் விட்டால் ஒரு கட்டத்தை அடிக்க வேண்டும், அரை நாள் என்றால் பாதிக் கட்டம். கீழே இன்டர்னல் தேதிகள், கான்டொனேஷன் கட்டக் கடைசி நாள், டியூட்டரின் போன் நம்பர். முதல் நாள் கொடுப்பதில்லை, இரண்டாவது வாரம், ஆரவாரம் அடங்கிய பிறகு. நோட்டு அட்டையின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளச் சொல்கிறோம். ஐந்தாவது வாரமும் ஒன்பதாவது வாரமும் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கிறோம். செலவு, ஜெராக்ஸ் காசு. இதை மட்டும் வைத்துக்கொண்டு எல்லோரையும் கரையேற்ற முடியாது. குறைந்தவனைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேச ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு நேரம் வேண்டும். கால அட்டவணையில் வார்டுக்கென்று வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, அதையும் அந்த 16 மணி நேரத்துக்குள் சேர்த்துக் கொடுங்கள் என்பதுதான் கல்லூரிக் கல்வி இயக்ககத்திடம் என் கோரிக்கை. கௌரவ விரிவுரையாளர்களுக்கும் சேர்த்துத்தான்.

இதைப் படிக்கிற மாணவர் யாராவது இருந்தால்: இந்த வாரமே டியூட்டரிடம் போய் "என் பர்சென்டேஜ் எவ்வளவு, இன்னும் எத்தனை நாள் பாக்கி" என்று கேளுங்கள். அரை நாளையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இன்டர்னல் பேப்பரை வாங்கி ஒருதடவை பாருங்கள், கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. வேலைக்குப் போகிறீர்கள் என்றால் அதை மறைக்காதீர்கள். வீட்டில் கஷ்டம் என்றால் முழுசாகச் சொல்ல வேண்டாம், "வீட்டுல கொஞ்சம் பிரச்சினை மேடம்" என்று ஆரம்பித்தால் போதும். எங்கள் துறையில் புதன்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது ஒருவர் இருப்போம்.